சுனாமி: எட்டு நிமிடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிவிடும், பிறகு?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் சுனாமிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நிறையவே வேலை இருக்கிறது. கடலில் புறப்பட்ட அலை கரைக்கு வருவதற்கு முன் செய்தி கரைக்கு வந்துவிட வேண்டும். இது முழுக்க முழுக்க சென்சார், சாட்டிலைட், டேட்டாபேஸ், நெட்வொர்க் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் அப்படி இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் சொல்லப் போகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று காலை 6.28 மணிக்கு சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. காலை 9 மணி தாண்டியதும் சென்னைக் கரையில் தண்ணீர் ஏறியது. நடுவில் சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மெரினாவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கும், எலியட்ஸ் பீச்சில் நடக்கப் போனவர்களுக்கும், அடையாறு ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஸ்ரீனிவாசபுரம் மக்களுக்கும் அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு வார்த்தை கூட வந்து சேரவில்லை. சென்னையில் 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். தமிழகம் முழுவதும் சுமார் 8,000 பேர்.

நான் அடையாறு காந்தி நகரில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து கடல் தெரியாது. ஆனால் ஆறு பக்கத்திலேயே இருக்கிறது. சுனாமி அலை ஆற்று முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறக்கூடியது என்பதால் "நமக்கும் கடலுக்கும் தூரம்" என்று எங்கள் பகுதிக்காரர்கள் சொல்லிக்கொள்ள முடியாது.

கால்குலேட்டரைத் திறங்கள்

சுனாமியின் வேகத்தைக் கண்டுபிடிக்க சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம். உங்கள் விண்டோஸில் உள்ள கால்குலேட்டரே போதும். அதை சயின்டிபிக் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடலின் ஆழத்தை மீட்டரில் கொடுத்து 9.8-ஆல் பெருக்குங்கள். வரும் விடைக்கு ஸ்கொயர் ரூட் எடுங்கள். ஒரு வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகம் கிடைக்கும். அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும்.

4,000 மீட்டர் ஆழத்துக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 713 கிலோமீட்டர் வரும். ஏறக்குறைய விமான வேகம். 10 மீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள். 36 கிலோமீட்டர்தான். அதாவது கரையை நெருங்க நெருங்க அலையின் முன்பகுதி பிரேக் பிடிக்கிறது, பின்னால் வரும் தண்ணீர் அதன் மேல் வந்து முட்டுகிறது. நடுக்கடலில் ஒரு மீட்டர் கூட இல்லாத அலை கரையில் பனைமர உயரத்துக்கு எழும்புவது இதனால்தான். நடுக்கடலில் இருக்கும் படகுக்கு சுனாமி கடந்து போனதே தெரியாது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள், இது எனக்கு மிகவும் பிடித்தது. வங்காள விரிகுடாவின் சராசரி ஆழம் சுமார் 2,600 மீட்டர். இதற்கு வேகம் மணிக்கு 575 கிலோமீட்டர் வரும். பூகம்பம் தொடங்கிய இடம் சென்னையிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர். வகுத்தால் மூன்றரை மணி நேரம் வருகிறது. ஆனால் அன்று அலை இரண்டரை மணி நேரத்திலேயே வந்துவிட்டதே, ஒரு மணி நேரம் எங்கே போனது?

பூகம்பம் ஒரு புள்ளியில் நடக்கவில்லை என்பதுதான் பதில். சுமத்ராவில் தொடங்கிய பிளவு வடக்கு நோக்கிக் கிழிந்துகொண்டே நிக்கோபாரைத் தாண்டி அந்தமான் வரை, 1,200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. கார் நிக்கோபார் நமக்கு சுமார் 1,400 கிலோமீட்டர்தான். அதை 575-ஆல் வகுத்துப் பாருங்கள், கணக்கு சரியாக உட்காரும். டிவியில் காட்டும் மேப்பில் சிவப்புப் புள்ளி தூரத்தில் இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கடலுக்கு அடியில் ஒரு மோடம்

2004-ல் இந்தியப் பெருங்கடலுக்கு என்று எச்சரிக்கை மையம் எதுவும் இல்லை. பசிபிக் பெருங்கடலுக்கு ஹவாயில் 1949 முதலே ஒன்று இருந்தது. அன்று அவர்களுடைய கருவிகளும் அதிர்வைப் பதிவு செய்தன. ஆனால் இந்தப் பக்கத்துக் கடலின் நிலவரத்தைக் காட்ட அவர்களிடம் கருவிகள் இல்லை. இந்தக் கரையில் யாருக்குப் போன் செய்வது என்ற ஏற்பாடும் இல்லை.

இப்போது நிலைமை வேறு. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபர் 15 முதல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து இந்தியப் பெருங்கடல் நாடுகள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை கொடுக்கின்றன.

இந்த அமைப்பின் ஒரு முக்கியமான பகுதி அடையாறுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம்தான் நடுக்கடல் மிதவைகளைப் போட்டுப் பராமரிக்கிறது. மிதவை என்றால் மேலே தெரிவது மட்டும் அல்ல. அதற்கு நேர் கீழே, கடலின் தரையில், அழுத்தத்தை அளக்கும் கருவி உட்கார்ந்திருக்கும். தலைக்கு மேலே பல ஆயிரம் மீட்டர் தண்ணீர் நிற்கும்போது, அதில் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் அந்தக் கருவிக்குத் தெரிந்துவிடும்.

தகவல் மேலே வருவது எப்படி? தண்ணீருக்குள் ரேடியோ அலை அதிக தூரம் போகாது. எனவே ஒலியாக அனுப்புகிறார்கள். பழைய டயல்-அப் மோடம் நெட் கனெக்ஷன் கொடுக்கும்போது கீச் கீச் என்று கத்துமே, நினைவிருக்கிறதா? அதே வேலைதான். கீழே ஒரு அக்கூஸ்டிக் மோடம் பேசும், மேலே மிதவையில் இருப்பது கேட்டு சாட்டிலைட்டுக்கு அனுப்பும். வழக்கமான அலை ஏற்ற இறக்கத்தைக் கருவி முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும். உண்மையான அளவு அதிலிருந்து சில சென்டிமீட்டர் விலகினால் தானாகவே அவசர மோடுக்குப் போய், வேகமாகத் தகவல் அனுப்பத் தொடங்கும்.

இந்த மிதவைகளுக்குப் பெரிய எதிரி புயல் இல்லை, நாம்தான். மிதக்கும் எந்தப் பொருளின் கீழும் மீன் கூடும். ஆகவே மீன்பிடிக்க வருபவர்கள் படகை மிதவையில் கட்டிவிடுகிறார்கள். கயிறு அறுகிறது, ஆன்டெனா உடைகிறது, சில சமயம் பாகங்களே காணாமல் போகின்றன. ஒரு மிதவை மௌனமானால் அடுத்த கப்பல் போய்ச் சரி செய்யும்வரை அந்த இடம் இருட்டுதான். மீனவர்களைத் திட்டிப் பயன் இல்லை. அந்த மஞ்சள் மிதவை யாருக்காகக் காவல் நிற்கிறது என்பதை ஊர் ஊராகப் போய் விளக்க வேண்டியிருக்கிறது, அந்தக் கழகம் அதையும் செய்கிறது.

முன்பே அரைத்து வைத்த மாவு

சரி, பூகம்பம் வந்துவிட்டது. அலை எங்கே, எப்போது, எவ்வளவு உயரம் என்பதைக் கம்ப்யூட்டர் எப்படிச் சொல்கிறது?

கடலை எக்ஸெல் ஷீட் போலச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செல்லிலும் கடலின் ஆழம், தண்ணீரின் உயரம், அது ஓடும் வேகம் ஆகியவை இருக்கும். பக்கத்து செல்களில் உள்ள மதிப்பை வைத்து, சில வினாடிகள் கழித்து இந்த செல்லில் என்ன மதிப்பு இருக்கும் என்று கணக்கிடுவார்கள். இப்படி லட்சக்கணக்கான செல்களுக்கு, ஆயிரக்கணக்கான தடவை. ஜப்பானின் டொஹோகு பல்கலைக்கழகத்தில் உருவான டுனாமி என்ற சாப்ட்வேரைத்தான் இன்காய்ஸ் இதற்குப் பயன்படுத்தியது. (எழுத்துப்பிழை இல்லை, அதன் பெயரே டுனாமிதான்.)

அலை வந்துகொண்டிருக்கும்போது உட்கார்ந்து இதைக் கணக்கிட நேரம் போதாது. அதனால் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டார்கள். சுமத்ரா, அந்தமான் பிளவிலும் பாகிஸ்தான் கரையோரம் உள்ள மக்ரான் பிளவிலும் எந்த இடத்தில், எந்த அளவில் பூகம்பம் வந்தால் என்ன ஆகும் என்று ஆயிரக்கணக்கான கற்பனைப் பூகம்பங்களுக்குக் கணக்குப் போட்டு டேட்டாபேஸில் வைத்திருக்கிறார்கள். நிஜப் பூகம்பம் வந்ததும் அதற்கு மிக நெருக்கமான ரெக்கார்டை எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். காலையில் இட்லி ஊற்றுவதற்கு ராத்திரியே மாவு அரைத்து வைப்பது போல.

இதற்குப் பரீட்சை 2012 ஏப்ரல் 11 அன்று வந்தது. மதியம் 2.08 மணிக்கு சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் பூகம்பம். சென்னையிலும் அதிர்வு உணரப்பட்டது, ஆபீஸ்களிலிருந்து ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். எட்டு நிமிடத்தில் ஐதராபாத்திலிருந்து முதல் அறிக்கை வெளியானது. நிக்கோபாரின் சில பகுதிகளுக்கு உச்சகட்ட எச்சரிக்கை, தமிழகக் கரைக்கு அதற்கு அடுத்த படி. பிறகு மிதவைகள் அனுப்பிய அளவு சில சென்டிமீட்டர்தான் என்று தெரிந்ததும் எச்சரிக்கை விலக்கப்பட்டது. இந்தத் தடவை கடலின் தரை மேலே எழும்பவில்லை, பக்கவாட்டில் வழுக்கியது. தண்ணீரைத் தூக்கி எறியவில்லை. அதனால் பெரிய அலை இல்லை.

எட்டு நிமிடம் என்பது பெரிய சாதனை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று பெசன்ட் நகர் பக்கம் நான் பார்த்தது இன்னும் மனதில் இருக்கிறது. போலீசார் கரையிலிருந்து கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் "சுனாமி வருதாம்" என்று பைக்கில் கடலைப் பார்க்க வருகிறவர்களும் இருந்தார்கள். செல்போனில் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை.

முதல் நம்பரை நம்பி உட்காராதீர்கள்

வாசகர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. மிகப் பெரிய பூகம்பங்களில் கம்ப்யூட்டர் கொடுக்கும் முதல் அளவு பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும்.

2004-ல் ஹவாய் மையம் முதல் 15 நிமிடத்தில் சொன்ன அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5 என்றார்கள். உண்மையான அளவு 9.1. இந்த அளவில் 8-க்கும் 9-க்கும் நடுவே வெளியாகும் சக்தியில் சுமார் 32 மடங்கு வித்தியாசம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானிலும் இதே கதை. உலகிலேயே சிறந்த எச்சரிக்கை அமைப்பு அவர்களுடையது. மூன்றே நிமிடத்தில் எச்சரிக்கை வந்தது. ஆனால் முதல் கணிப்பு 7.9. அதன்படி இவாத்தே மாநிலத்துக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். சுமார் அரை மணி நேரத்துக்குள் அதை உயர்த்தினார்கள். அதற்குள் பல இடங்களில் கரண்ட் போய்விட்டது, திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. வந்த அலை 10 மீட்டரைத் தாண்டியது.

காரணம் எளிது. 2004-ல் அந்தப் பிளவு கிழிந்து முடிக்கவே எட்டு முதல் பத்து நிமிடம் ஆனது. படம் பாதி ஓடும்போதே விமர்சனம் எழுதினால் எப்படியிருக்கும்? பூமி எவ்வளவு நகர்ந்தது என்பதை நேரடியாக அளக்கும் ஜிபிஎஸ் வகைக் கருவிகளை அந்தமான் நிக்கோபாரில் வைத்திருப்பது இந்தக் குறையைச் சரி செய்யத்தான். அதுவரை, முதல் அறிக்கையில் வரும் நம்பரைக் குறைந்தபட்ச அளவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவில் அனக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. பூகம்பத்தைக் கேட்டுத் தொடங்கும் அமைப்பு அதைக் கேட்கவே இல்லை. 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

மண்ணில் எழுதிய பழைய ரெக்கார்டு

"இதெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை சார்" என்று சொல்பவர்கள் உண்டு. மண்ணியல் விஞ்ஞானிகள் சொல்வது அவ்வளவு ஆறுதலாக இல்லை. சுனாமி கடல் மணலை உள்ளே கொண்டுவந்து பரப்பிவிட்டுப் போகும். அதன் மேல் சாதாரண மண் படியும். வெட்டிப் பார்த்தால் கேக் போல அடுக்கு தெரியும். தாய்லாந்தின் பிரா தாங் தீவில் இப்படித் தோண்டியவர்கள், 2004-க்கு முந்தைய பெரிய சுனாமி 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் வந்தது என்று 2008-ல் வெளியிட்டார்கள். 2017-ல் சுமத்ராவின் ஆச்சே பகுதியில் ஒரு கடற்கரைக் குகை பற்றிய ஆய்வு வந்தது. அங்கே மணல் அடுக்குகளுக்கு நடுவே வௌவால் எச்சம் படிந்து, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தது. 7,400 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 2,900 ஆண்டுகளுக்கு முன்வரை 11 சுனாமிகள். சில இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில், சில ஒரே நூற்றாண்டுக்குள் அடுத்தடுத்து. அட்டவணை எதுவும் கிடையாது.

நம் சென்னைத் துறைமுகத்திலும் ஒரு பழைய ரெக்கார்டு இருக்கிறது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே வந்த பூகம்பத்தின் அலையை அந்தக் கால அலைமானி காகிதத்தில் கோடாகப் போட்டு வைத்திருந்தது. ஒரு மீட்டருக்கும் குறைவான அலைதான். வங்கக் கடலைச் சுற்றியிருந்த இப்படிப்பட்ட பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டு, மொடஸ்டோ ஓர்டிஸ், ரோஜர் பில்ஹாம் என்ற இருவர் கட்டுரை வெளியிட்டார்கள். வெளியான ஆண்டு 2003. அதற்கு அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

யார் சொல்வது?

ஊரூர் குப்பத்தில் எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவரிடம் இந்த மிதவை, டேட்டாபேஸ் எல்லாவற்றையும் ஒருநாள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க, ஐதராபாத்துல தெரிஞ்சா எனக்கு யார் வந்து சொல்லுவா?" என்றார்.

சரியான கேள்வி. இதற்கு விடை 2004-லேயே ஒரு கிராமத்தில் கிடைத்தது. அடையாறுக்குப் பக்கத்தில் தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தி வந்தது. பிராட்பேண்ட் இல்லாத காலம். வயர்லெஸ் மூலம் கம்ப்யூட்டர்களை இணைத்திருந்தார்கள். வீராம்பட்டினத்தில் தினமும் அமெரிக்கக் கடற்படை வெப்சைட்டிலிருந்து அலை உயரத் தகவலை டவுன்லோட் செய்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்பார்கள். கடலுக்குப் போகிறவர்கள் கரையில் நின்றபடியே கேட்டுக்கொள்வார்கள்.

நல்லவாடு என்ற கிராமத்திலும் அப்படி ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். ஊரைக் கிளப்புங்கள் என்றார் அவர். பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஊரில் இருந்த சுமார் 3,600 பேரும் பிழைத்தார்கள். எச்சரிக்கை மையமே இல்லாத அன்று வேலை செய்தவை ஒரு போன் காலும் ஒரு ஒலிபெருக்கியும்தான். அந்த ஒலிபெருக்கி தினமும் பயன்பட்டு வந்த ஒன்று என்பதை கவனியுங்கள். தூசி படிந்து கிடக்கும் சைரனை அவசரத்துக்கு யாரும் தேட மாட்டார்கள்.

ஒடிசாவில் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு கடலோர கிராமங்களுக்கு 2020-ல் யுனெஸ்கோவின் கடலியல் அமைப்பு "சுனாமி ரெடி" அங்கீகாரம் கொடுத்தது. அபாய மேப், தப்பிக்கும் வழிப் பலகைகள், ஒத்திகை, 24 மணி நேரமும் செய்தி வாங்க ஆள் எல்லாம் இருந்தால்தான் இது கிடைக்கும். அந்தப் பலகையை ஊரூர் குப்பத்திலும் ஸ்ரீனிவாசபுரத்திலும் பார்க்க எனக்கு ஆசை.

வீட்டிலிருந்து செய்யக்கூடியவை

முதலில் உங்கள் போன். 2023-ல் ஒருநாள் தமிழகத்தில் எல்லோருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அது செல் பிராட்காஸ்ட் சோதனை. இது எஸ்எம்எஸ் இல்லை. எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பராகத் தேடிப் போக வேண்டும், நெரிசலில் மாட்டிக்கொள்ளும். இது டவரிலிருந்து ரேடியோ நிலையம் போல ஒரே தடவையில் எல்லாப் போனுக்கும் போகும். 2012-ல் லைன் கிடைக்காமல் தவித்தோமே, அப்போதும் இது வேலை செய்யும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி என்ற பகுதியில் வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போனுக்குப் போன் மெனு கொஞ்சம் மாறும். சோதனைச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று அணைத்தவர்கள் திரும்ப ஆன் செய்துவிடுங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சாசெட், இன்காய்ஸின் சமுத்ரா ஆகிய இரண்டு ஆப்களும் இலவசம்.

அடுத்தது, அறிக்கையைப் படிக்கத் தெரிந்துகொள்வது. இந்திய மையம் மூன்று சொற்களைப் பயன்படுத்துகிறது. 'வார்னிங்' என்றால் இரண்டு மீட்டருக்கு மேல் அலை, உடனே உள்ளே போங்கள். 'அலர்ட்' என்றால் அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர், கரையையும் தாழ்வான இடத்தையும் விட்டு விலகுங்கள். 'வாட்ச்' என்றால் அதற்கும் குறைவு, காதைத் திறந்து வைத்திருங்கள்.

உண்மையான அறிக்கை ஒவ்வொன்றிலும் அறிக்கை எண், பூகம்பம் நடந்த நேரம், இடம், அளவு இருக்கும். "நாளை இரவு சுனாமி வரும்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பொய். பூகம்பத்தை நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. நடந்த பிறகுதான் எச்சரிக்கை. 2004 டிசம்பர் 30 அன்று டெல்லியில் உள்துறை அமைச்சகத்திலிருந்தே தவறான எச்சரிக்கை ஒன்று வந்து, தமிழகக் கடற்கரை முழுவதும் ஜனங்கள் மறுபடி ஓடினார்கள். அன்று சரிபார்க்க வழி இல்லை. இன்று இன்காய்ஸ் வெப்சைட் ஒரு கிளிக் தூரத்தில் இருக்கிறது.

கூகுள் எர்த்தில் உங்கள் தெருவின் மேல் கர்சரை வைத்தால் கீழே கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று காட்டும். நான் காந்தி நகரில் முயன்றபோது நம்பர் குதித்துக்கொண்டே இருந்தது. இலவச உயர டேட்டாவில் சில மீட்டர் பிழை சகஜம். நகரத்தில் கட்டடத்தின் உயரமும் சில இடங்களில் கலந்துவிடும். இதனால்தான் அரசு கரையோரத்துக்கு விமானத்திலிருந்து லேசர் மூலம் தனியாக உயரம் அளந்தது. எனவே கூகுளை வைத்து எந்தப் பக்கம் மேடு என்று மட்டும் பாருங்கள், மீட்டர் கணக்கை நம்ப வேண்டாம். பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் வாசிகளுக்கு ஓட மேடு இல்லாவிட்டால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாவது மாடி போதும். கார் எடுக்காதீர்கள், திரு.வி.க. பாலத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, நிற்க முடியாத அளவுக்கு நீண்ட நேரம் தரை ஆடினாலோ போனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கிளம்பிவிட வேண்டும். முதல் அலை போனதும் திரும்பி வரக்கூடாது. அடுத்தடுத்த அலைகள் மணிக்கணக்கில் வரும், முதலாவதுதான் பெரியது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறையின் நம்பர் 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் போனில் சேவ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் வீடு குப்பத்தில் இருந்தால், அவருடைய போனிலும்.